வாசனை தெரியாமல் நடத்திய வகுப்பு

ஆறாம் வகுப்பில் ஒரு நாள், வேதியியல் மாற்றத்துக்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்று கேட்டேன். வகுப்பே சேர்ந்து, "பால் தயிராவது" என்றது. பால் எப்படித் தயிராகும் என்று கேட்டேன். "ஃபிரிட்ஜுல வச்சா ஆயிரும் மிஸ்" என்றாள் ஒரு பிள்ளை. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் அறிவியல் டீச்சர் நான். வீடு திருநகரில். அந்த வாரச் சனிக்கிழமை எங்கள் தெருப் பிள்ளைகளை ஆளுக்கொரு டம்ளரோடு வரச் சொன்னேன். கொதிக்கிற பாலில் ஒரு டம்ளர், வெதுவெதுப்பான பாலில் ஒன்று, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலில் ஒன்று என்று எல்லாவற்றிலும் ஒரே அளவு மோர் விட்டு மூடி வைத்தோம். மறுநாள் நாங்கள் சர்ச்சுக்குக் கிளம்புவதற்கு முன்பே கதவைத் தட்டிவிட்டார்கள். கொதிக்கிற பாலில் விட்டது பாலாகவே இருந்தது. "உள்ள இருந்த பூச்சியெல்லாம் வெந்து செத்துருச்சா மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். புத்தகத்தில் அந்தப் பாடம் இரண்டு பக்கம். அவள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

அப்படித் தொடங்கியதுதான் அந்த வகுப்பு. சனிக்கிழமை மத்தியானம் ஆனால் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். சங்குப்பூவைக் கொதிக்க வைத்த நீலத் தண்ணீரில் எலுமிச்சையைப் பிழிந்து, அது ஊதாவாவதைப் பார்த்துவிட்டுச் சர்க்கரை போட்டுக் குடிப்போம். பாதாம் பிசினை ஊற வைத்து, சின்னக் கல் மாதிரி இருந்தது கிண்ணத்தை நிறைக்கிற வரைக்கும் தண்ணீர் குடிப்பதைப் பார்ப்போம். கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சி, சொட்டுச் சொட்டாகக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு, எந்தச் சொட்டு மெத்தென்று இருக்கிறது, எந்தச் சொட்டு 'டக்'கென்று உடைகிறது என்று கேட்போம். ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தேன். செய்ததைச் சாப்பிட வேண்டும். சரியாக வராததையும் சாப்பிட வேண்டும், ஏன் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே. முதல் வாய் நான் சாப்பிடுவேன்.

என் கணவருக்கு அந்த வகுப்பு பிடிக்காமல் இல்லை. ஆனால் சொல்ல மாட்டார். "சனிக்கிழமையானா நம்ம வீட்டு அடுப்பு நம்ம அடுப்பு இல்ல" என்பார். பிறகு முன்னறையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, உள்ளே நடப்பதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

எதிர்வீட்டு மாடியில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. சொந்த ஊர் டி. கல்லுப்பட்டிக்கு அந்தப் பக்கம். நிலம் இருந்தது. அப்பா திருமங்கலத்தில் உரக்கடை வைத்திருந்தார். பெண்ணின் படிப்புக்காகத் திருநகரில் வீடு பிடித்திருந்தார்கள். அந்தப் பெண் வேறு பள்ளி. மார்க் சுமார்தான். அவள் அம்மா கொண்டுவந்து விடும்போதே, "வாயே தெறக்க மாட்டா டீச்சர். நீங்க கண்டுக்கிறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் வாயைத் திறந்தது ஆரஞ்சு மிட்டாயில். எல்லோருடைய கண்ணையும் கட்டி, மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தேன். என்ன மிட்டாய் என்று கேட்டேன். "இனிக்குது", "லேசா புளிக்குது" என்பதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. இப்போது மூக்கை விடுங்கள் என்றேன். எல்லோரும் "ஆரஞ்சு, ஆரஞ்சு" என்று கத்தினார்கள். இவள் மட்டும் கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னாள்.

"மிஸ், வாசன முன்னால இருந்து வரல. தொண்டைக்குப் பின்னால இருந்து மேல ஏறி வருது."

அன்றைக்கு நான் சொல்லித்தர நினைத்திருந்தது அதைத்தான். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு வாசனை. மெல்லும்போது அது வாய்க்குள்ளிருந்து பின்வழியாக மூக்குக்குப் போகிறது. நான் சொல்வதற்கு முன்னால் அவள் அதை உணர்ந்துவிட்டாள். அதிலிருந்து அவள் ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை.

பிறகு கொரோனா வந்தது. பள்ளிகளை மூடினார்கள். சனிக்கிழமை வகுப்பும் நின்றது. முதல் தடவை எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த அலையில் எனக்கும் கணவருக்கும் சேர்ந்தே காய்ச்சல் வந்தது. அவருக்கு இருமலோடு போயிற்று. எனக்குக் காய்ச்சல் விட்ட காலையில் கணவர் போட்ட காபியைக் குடித்தேன். அது சுடுதண்ணீராக இருந்தது. டிகாஷன் விட மறந்துவிட்டாரோ என்று டம்ளருக்குள் பார்த்தேன். நல்ல நிறமாக, நுரையோடுதான் இருந்தது.

எழுந்து போய்ப் பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்குக்குக் கீழே வைத்தேன். ஒன்றுமில்லை. ஒரு டப்பாவை மோந்து பார்க்கிறோம் என்ற நினைப்புகூட மூக்குக்கு இல்லை. இலேசாக வருகிறது என்றால்கூடப் பரவாயில்லை. சுவருக்கு முன்னால் நிற்பது போல இருந்தது.

டாக்டர், "வந்துரும் டீச்சர். கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றார். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

சில மாதங்கள் கழித்து, பள்ளி திறப்பதற்கு முன்பே, பிள்ளைகள் கேட்டில் வந்து நின்றார்கள். சன்னலைத் திறந்து வைத்து, நாலைந்து பேரை மட்டும் உள்ளே விட்டேன். முதல் நாளே உண்மையைச் சொன்னேன். எனக்கு இப்போது வாசனை தெரியாது. ருசியும் பாதிதான். உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, அவ்வளவுதான்.

நம்பவில்லை. பிள்ளைகள் அல்லவா, சோதித்துத்தான் பார்ப்பார்கள். என் கண்ணைக் கட்டிவிட்டு ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து நீட்டினார்கள். கற்பூரம், கருவாடு, மண்ணெண்ணெய் துடைத்த துணி. கடைசியில் யாரோ சாக்ஸைக் கழற்றி நீட்டியிருக்கிறார்கள். நான் ஆழமாக மோந்து பார்த்துவிட்டு, "மல்லிகைப்பூவா?" என்றேன். தரையில் உருண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காய்ச்சலுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன் என்று கணவர் பிறகு சொன்னார்.

எதிர்வீட்டுப் பெண் மட்டும் மிளகாய் வற்றலைச் சூடான கல்லில் போட்டுப் புகையவிட்டாள். எனக்கு இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"மூக்கு வேல செய்யலன்னா எப்படி மிஸ் இருமுறீங்க?"

அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: மிளகாய்க் கமறல் வாசனையே அல்ல, அது எரிச்சல். அதைக் கொண்டுபோக வேறு நரம்பு இருக்கிறது. என்னிடம் கெட்டுப்போனது ஒன்று, பிழைத்திருப்பது இன்னொன்று. அடுத்த சனிக்கிழமை அதைச் சொன்னபோது, "அப்ப ஒரு வயர்தான் மிஸ் கட் ஆயிருக்கு" என்றாள்.

அந்த மாதங்களில் வகுப்பு தானாகவே மாறிப்போனது. முன்பெல்லாம் நான் மோந்து பார்த்து, "இப்போது இறக்கு", "இன்னும் கொஞ்சம்" என்று சொல்வேன். பிள்ளைகள் செய்வார்கள். இப்போது அவர்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. "நல்ல வாசனை" என்று சொல்லக்கூடாது என்றேன். எனக்கு அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எதைப் போல இருக்கிறது, எப்போது மாறியது, எதிலிருந்து எதற்கு மாறியது என்று சொல்ல வேண்டும்.

வார்த்தை கிடைக்காமல் திணறினார்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தார்கள். முட்டைக்குக் கவிச்சி. பழைய எண்ணெய்க்குச் சிக்கு. மழைக்காலத்து அரிசிக்கு மக்கல். நேற்றைய சாம்பாருக்கு ஊசல். ஒவ்வொரு வார்த்தைக்குப் பின்னாலும் ஒரு பாடம் இருந்தது. சிக்கு என்றால் எண்ணெயோடு காற்று சேர்ந்த கதை. ஊசல் என்றால் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தின்ற கதை. இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன், இந்த வார்த்தைகளை வகுப்பறைக்குள் கொண்டுவந்ததே இல்லை.

ஒரு சனிக்கிழமை வெண்ணெய் உருக்கினோம். அந்தப் பெண் அடுப்பின் முன் நின்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"இப்ப பால் காச்சுற வாசனதான் மிஸ். தண்ணி வத்துது, சத்தம் கேக்குது பாருங்க." தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள். "இப்ப சத்தம் கொறஞ்சிருச்சு. கடல வறுக்குற கடைக்குத் தூரத்துல நிக்கிற மாதிரி இருக்கு." பிறகு, "கிட்டக்க வந்துட்டோம் மிஸ்" என்றாள். மற்ற பிள்ளைகள் அடுப்பை நெருங்கி வந்தார்கள். "இப்ப கடைக்குள்ளயே போயாச்சு. எறக்கிருங்க."

இறக்கினேன். முருங்கைக் கீரையை அதில் போட்டதும் படபடவென்று பொரிந்தது. நெய் தெளிந்து, அடியில் பொன்னிறமாகப் படிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கருகியிருக்கும். என் கணவர் முன்னறையிலிருந்து எழுந்து வந்து, வாசலில் நின்று, "யாரு உருக்குனது?" என்று கேட்டார். நான் அவளைக் காட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் நடத்தியதில் நல்ல வகுப்புகள் அந்தச் சில மாதங்களில் நடந்தவைதான். இப்போது திரும்பிப் பார்க்கும்போது அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்போது ஏன் தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஏதோ ஒரு வாரத்தில் சோப்பு வாசனை போல ஒன்று வந்தது. வந்துவிட்டது என்று கணவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். இரண்டு பேரும் சந்தோஷப்பட்டோம். மறுநாள் காபி போட்டார். அது டயர் எரிகிற மாதிரி இருந்தது. முதலில் பாத்திரத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். பற்பசையும் அப்படியே இருந்தது. வாசனை திரும்பி வந்திருந்தது, ஆனால் கோணலாக வந்திருந்தது. நரம்பு மறுபடி வளரும்போது ஒன்றோடு ஒன்று மாற்றிச் சேர்ந்துகொள்ளும் என்று டாக்டர் பிறகு விளக்கினார். அந்தச் சனிக்கிழமை எனக்கு அது தெரியாது.

அன்றைக்குத் தட்டைப்பயறு சுண்டல். ஊறியதும் ஊறாததுமாக இரண்டு வகைப் பயறை வேகவைத்து, எது எவ்வளவு நேரத்தில் வேகிறது என்று பார்த்து முடித்தாயிற்று. தாளிக்கிற வேலை எதிர்வீட்டுப் பெண்ணுக்கு. வெங்காயத்தை எண்ணெயில் போட்டு வதக்கத் தொடங்கினாள். எனக்கு அது வெங்காயமாக வரவில்லை. செத்து அழுகிய ஏதோ ஒன்று அடுப்பில் கிடப்பது போல வந்தது. பின்வாசலுக்கு ஓடி, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தேன்.

நிமிர்ந்தபோது அவள் கரண்டியோடு பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மற்ற பிள்ளைகள்.

"நாங்க ஏதும் தப்பா போட்டுட்டோமா மிஸ்?"

"இல்லம்மா. என் மூக்குதான்."

"வெங்காயம் கருகலயே மிஸ். நல்லாத்தான் இருக்கு. மோந்து பாருங்க."

கரண்டியை என் பக்கம் நீட்டினாள். அவள் நீட்டியது எனக்கு உதவத்தான். என் கை என்னைக் கேட்காமல் அதைத் தள்ளிவிட்டது. கரண்டி கீழே விழுந்து, வெங்காயம் தரையெல்லாம் சிதறியது. அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். நான் விட்டுவிடு என்று சொல்லியும் பொறுக்கினாள்.

அன்றைக்கு முதல் வாய் நான் சாப்பிடவில்லை. பிள்ளைகள் மட்டும் வட்டமாக உட்கார்ந்து, தாளிக்காத சுண்டலை மெதுவாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

கொஞ்ச நாள் போகட்டும் என்று வகுப்பை நிறுத்தினேன். வெங்காயம், பூண்டு, வறுக்கிற எதுவும் ஆகவில்லை. கணவர் வீட்டில் தாளிப்பதையே விட்டுவிட்டார். எனக்கு இட்லியும் தயிர்சாதமும் வைத்துவிட்டு, வடை சாப்பிட வேண்டுமென்றால் டீக்கடைக்குப் போய்ச் சாப்பிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அந்தப் பெண் வாரா வாரம் கேட்டில் வந்து நின்றாள்.

"இந்த வாரம் இருக்கா மிஸ்?"

"இல்லம்மா. அடுத்த வாரம் பாப்போம்."

ஒரு நாள் அவள் போகாமல் நின்றாள். யோசித்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது.

"நீங்க வெளிய கேட்டுகிட்ட சேர் போட்டு ஒக்காந்துக்கங்க மிஸ். நாங்க உள்ள செஞ்சுட்டு, என்ன நடந்துச்சுன்னு வந்து சொல்றோம். முன்னாடி சொன்ன மாதிரியே சொல்றோம்."

"அடுப்பு இருக்கும்மா. பெரியவங்க பக்கத்துல இல்லாம எப்படி?"

"சார் இருக்காங்கல்ல மிஸ். சாரு பாத்துக்கிட்டாங்கன்னா?"

"வேணாம்மா. எனக்குச் சரியாகட்டும்."

"சரிங்க மிஸ்" என்று போய்விட்டாள். இரண்டு நாள் கழித்து அவள் அம்மா வந்தார். "எங்க வீட்டு அடுப்புலயே வச்சுக்கங்க டீச்சர். நீங்க எங்க மொட்ட மாடியில காத்தாட ஒக்காந்துக்கங்க. வெங்காயம் எதுவும் வேணாம்னு சொல்லிட்டா. வெல்லப்பாகு, இளநீ, இந்த மாதிரி மட்டும் செய்யலாங்குறா. அவ கெடந்து தவிக்கிறா." உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று நான் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அடுப்பைப் பற்றி நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது காரணமும் இல்லை. பிள்ளைகள் சமைத்ததைப் பார்த்து ஓடிய டீச்சராக இன்னொரு முறை அவர்கள் முன்னால் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. முழுதாகச் சரியான பிறகு, பழையபடி முதல் வாய் சாப்பிடுகிற ஆளாகத்தான் திரும்பிப் போக வேண்டும் என்று நினைத்தேன். என்னிடம் வாசனையே இல்லாதபோதுதான் அவர்கள் அதிகம் கற்றார்கள் என்பது என் கண்ணெதிரே நடந்தது. வாசனை கோணலாக இருந்தாலும் அதே வகுப்பை நடத்தியிருக்கலாம். இன்றைக்கு எனக்கு டயர் வாசனை வருகிறது, உங்களுக்கு என்ன வருகிறது என்று கேட்டிருக்கலாம். அதைவிட நல்ல பாடம் எங்கே இருக்கிறது?

அடுத்த கோடைக்கு முன்பே அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். ஊரில் தாத்தாவுக்கு முடியாமல் போய், நிலத்தைப் பார்க்க ஆளில்லை என்று எல்லோருமாகப் போய்விட்டார்கள். சாமான் ஏற்றுகிற அன்று நான் பள்ளியில் இருந்தேன். திரும்பி வந்தபோது மாடியில் பூட்டுத் தொங்கியது.

எனக்குச் சரியாக இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஒரே நாளில் வரவில்லை. ஒரு மாதம் எலுமிச்சை வந்தது, இன்னொரு மாதம் மழை வந்தது. வெங்காயம் கடைசியாக வந்தது. வந்ததும் வகுப்பை மறுபடியும் தொடங்கினேன். பழைய பிள்ளைகள் பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு என்று டியூஷனிலும் கோச்சிங்கிலும் இருந்தார்கள். "சனிக்கிழமதான் மிஸ் எங்களுக்கு டெஸ்ட்டே" என்றார்கள். புதிதாக வந்த சின்னப் பிள்ளைகளுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது. சங்குப்பூத் தண்ணீரில் எலுமிச்சையைப் பிழிவதற்கு முன்னாலேயே, "ஊதாவா மாறும், வீடியோல பாத்துட்டோம்" என்றார்கள். என்ன வாசனை வருகிறது என்று கேட்டால் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சொல்வேன் என்று காத்திருந்தார்கள். எனக்குத்தான் இப்போது வாசனை தெரியுமே. சில வாரங்களில் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். நானும் யாரையும் கூப்பிடவில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குத் திருமங்கலம் போயிருந்தேன். முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது, "மிஸ்" என்று ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். கல்லூரி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. வளர்ந்திருந்தாள். குரலை வைத்துத்தான் எதிர்வீட்டுப் பெண் என்று கண்டுபிடித்தேன்.

"நல்லாயிருக்கீங்களா மிஸ்? மூக்கு சரியாயிருச்சா?"

எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத்தான் கேட்டாள். சரியாகிவிட்டது என்றேன். அவளுக்கு முகமெல்லாம் சந்தோஷம். என்ன படிக்கிறாய் என்று கேட்டேன்.

"பி.காம் மிஸ்."

"சயின்ஸ் எடுக்கலையா?"

"பத்தாவதுல மார்க் பத்தல மிஸ். அக்கவுண்ட்ஸ் குரூப்புதான் குடுத்தாங்க. பரவால்ல, இதுவும் நல்லாத்தான் இருக்கு."

பிறகு அவளே சொன்னாள்.

"அன்னைக்கு அந்த வெங்காயத்த வீட்ல போயி நாலஞ்சு தடவ வதக்கிப் பாத்தேன் மிஸ். எங்கயாச்சும் அழுகுன வாசன வருதான்னு. அம்மாகூட திட்டுனாங்க, இம்புட்டு வெங்காயத்த என்ன பண்ணன்னு."

"வந்துச்சா?"

"லேசா வந்துச்சு மிஸ். பச்ச போயி, செவக்கிறதுக்கு முன்னாடி, கொஞ்ச நேரத்துக்கு. கெட்டுப்போன முட்ட மாதிரி ஒன்னு. ஒடனே போயிருது. எங்களுக்குப் போயிருது, ஒங்களுக்கு அது மட்டும் நின்னுருச்சு போலன்னு நெனச்சுக்கிட்டேன். ஒங்ககிட்ட சொல்லலாம்னு வந்தேன். நீங்க முடியாம படுத்திருக்கீங்கன்னு சார் சொன்னாரு. அப்பறம் கேட்டுல பாத்தப்பெல்லாம் அந்த வெங்காயப் பேச்ச எடுக்கக் கூச்சமா இருந்துச்சு."

வெங்காயத்தில் கந்தகம் இருக்கிறது. என்னைப் போல வாசனை கோணலாகிப் போனவர்களைப் பெரும்பாலும் வாட்டுவது அந்த மாதிரிப் பொருள்கள்தான் என்று நான் பின்னால் படித்தேன். ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை அதைத் தன் வீட்டு அடுப்பில் தனியாக நின்று கண்டுபிடித்து, சொல்வதற்கு என் வீட்டு வாசல்வரை வந்து, திரும்பிப் போயிருக்கிறாள்.

"அது சரிதாம்மா. நீ கண்டுபிடிச்சது சரி" என்றேன்.

"நெசமாவா மிஸ்?" என்று சிரித்தாள். வெகுநாளைக்கு முன்னால் எழுதிய பரீட்சையில் ஒரு மார்க் கூடுதலாக வந்ததைக் கேட்டவள் மாதிரித்தான் சிரித்தாள். அதற்கு மேல் அதில் அவளுக்கு ஒன்றுமில்லை. ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வா என்றேன். "பாக்குறேன் மிஸ்" என்றாள். அந்த வார்த்தையின் அர்த்தம் எனக்குத் தெரியும்.

கல்லுப்பட்டி பஸ் வந்து நின்றது. "வாரேன் மிஸ். ஒடம்பப் பாத்துக்கங்க" என்று கூட்டத்தோடு ஏறி, சன்னலோரம் இடம் பிடித்துக் கை காட்டினாள். நானும் காட்டினேன். பஸ் போன பிறகுதான் அவளுடைய போன் நம்பரைக் கேட்டிருக்கலாமே என்று தோன்றியது.